மெர்வின் டக்கெட் காத்த குளம்

ராக்கம்ப்டன் ஊரில் வீட்டுக்கு வீடு நீச்சல் குளம் உண்டு. அங்கே அடிக்கிற வெக்கைக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் குளத்தை வெட்டிப் போடுவது ஒரு வேலை, அதைக் காப்பாற்றுவது வேறு வேலை. பாதிப் பேர் நடுக்கோடையில் வருகிற கிறிஸ்துமஸுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்றால்தான் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். அதுவரை குளம் தேரைக்கும் கொசுவுக்கும் எழுதிக் கொடுத்த சொத்து. கடைசி நேரத்தில் வாளி வாளியாகக் குளோரினைக் கொட்டிவிட்டு, கண் எரிகிறது, தோல் அரிக்கிறது என்று குளத்தைத் திட்டுவார்கள். குளம் என்ன செய்யும், பாவம்.

மெர்வின் டக்கெட் அந்த ரகமில்லை. நிலக்கரி ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மைல் கணக்கில் நீளும் வண்டியை ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுவந்து நிறுத்திய கை, ஓய்வு பெற்ற மறுநாள் சும்மா இருக்க முடியாமல் வலையைப் பிடித்தது. நீளக் கம்பின் நுனியில் கட்டிய அந்த வலையைக் காலையில் எழுந்ததும் எடுத்துக்கொண்டு, கையில்லாத பனியனும் அரைக்கால் சட்டையுமாகக் குளத்தைச் சுற்றி வருவார். கெட்டிலில் தண்ணீர் வைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இரவெல்லாம் மாமரம் உதிர்த்த இலை, பழந்தின்னி வௌவால் போட்டுவிட்டுப் போன எச்சம், விளக்குக்கு வந்து விழுந்த வண்டு எல்லாவற்றையும் அரித்தெடுப்பார். பிறகு ஓரத்தில் இருக்கும் மூடியைத் திறந்து இலைக் கூடையை வெளியே எடுப்பார். பம்ப் இழுக்கிற தண்ணீரில் வருகிற குப்பை எல்லாம் அந்தக் கூடையில்தான் தங்கும். சில நாள் அதற்குள் ஒரு பச்சைத் தவளை சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். அதை மட்டும் கையால் எடுத்து ஈரச் செடியில் விடுவார். தேரையாக இருந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் வீசுவார். எங்கிருந்தோ கொண்டுவந்து விட்டு ஊரெல்லாம் பெருகிப் போன விஷப் பிராணி அது, அதற்கு அந்த ஊரில் யாரும் பாவம் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் அவருக்கு நீந்தத் தெரியாது. மேற்கே மழையே பார்க்காத ஊரில் வளர்ந்தவர். முழங்கால் அளவுக்கு மேல் அவர் தண்ணீரில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. ஆனால் மற்றவர்கள் இறங்குவதற்குச் சட்டதிட்டம் வைத்திருந்தார். வெயிலுக்குப் பூசிய களிம்போடு இறங்கக் கூடாது. எண்ணெய்த் தலையோடு இறங்கக் கூடாது. மீறி வருகிறவர்களைத் தோட்டத்து ரப்பர் குழாயை எடுத்து நின்ற இடத்திலேயே குளிப்பாட்டிவிடுவார். சொந்த மச்சினன் மேலேயே தண்ணீரைப் பீய்ச்சியவர் அவர்.

குளம் அவர் மனைவி நோலீனுக்காக வெட்டியது. பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிக் கடையில் இருபது வருஷம் பிள்ளைகளைக் கத்திக் கத்தி வரிசையில் நிறுத்தியவள். வாய் ஓயாது. காலையில் எழுந்து ஒரு கூடத்தின் நீளம் கூட இல்லாத அந்தக் குளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீந்துவாள். ஒவ்வொரு கோடியிலும் தலையைத் தூக்கி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் திரும்புவாள். மெர்வின் வலையோடு நடந்துகொண்டே பதில் சொல்வார். மகளுக்கு என்ன அனுப்புவது, காரை விற்பதா வேண்டாமா, இன்றைக்குச் சாப்பாட்டுக்கு என்ன என்று அந்தக் குடும்பத்தின் பேச்சு வார்த்தை முழுக்க அந்தக் குளத்தில்தான் நடந்தது. உள்ளே வந்தால் அவர் பேசுகிற ஆள் இல்லை.

"உன் வலை என் கால்ல இடிக்குது மெர்வ்."

"நீதான் என் வலையில வந்து மாட்டுற."

"ஆமா, மாட்டித்தான் நாப்பது வருஷமாச்சு."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் போன வருஷம் நோலீனுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. அறுத்தெடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். மருந்தில் தலைமுடி மொத்தமும் கொட்டிப் போயிற்று. எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிறது, குளத்தில் இறங்காதே என்று டாக்டர் சொன்னார். ஒரே ஒரு நாள் கேட்காமல் இறங்கினாள், அதற்குப் பிறகு இறங்கவில்லை. அதோடு நிற்காமல் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளவும் தொடங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் போடாத தாழ்ப்பாள் அது. தலையில் சதா ஒரு துணி. மெர்வின் பக்கத்தில் வந்தால் அந்தத் துணியை இன்னும் கொஞ்சம் இறக்கி விட்டுக்கொள்வாள்.

மருந்து முடிந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை, போய் நீந்துங்கள் என்று அதே டாக்டர் சொல்லிப் பல மாதம் ஆயிற்று. முடியும் திரும்ப வந்துவிட்டது. முன்பு நேராக, செம்பட்டையாக இருந்த முடி. இப்போது பஞ்சு போல வெள்ளையாக, சுருட்டை சுருட்டையாக வந்திருந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் குளத்துப் பேச்சை எடுத்தால் மட்டும் "பார்ப்போம்" என்பாள். குளிர்காலத்தில் கேட்டார், பார்ப்போம். குளிர் விட்ட செப்டம்பரில் கேட்டார், பார்ப்போம்.

மெர்வின் யோசித்து யோசித்து ஒரே ஒரு காரணத்தைத்தான் கண்டுபிடித்தார். தண்ணீர் அவளுக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிருமி கிருமி என்று சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? சுத்தம் பண்ண வேண்டும். யாரும் இறங்காத குளத்தை அந்த மனிதர் அந்த வருஷம் முழுக்கச் சுத்தம் பண்ணினார். ஓடுகளுக்கு நடுவே இருக்கிற இடுக்கைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தார். தரையைத் தேய்த்தார். ஏணிப் படியின் அடிப்பக்கத்தைத் தேய்த்தார். ஏணியின் அடிப்பக்கத்தை எந்த மனிதர் பார்க்கப் போகிறார்? அவருக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அவள் ஒரு நாள் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். அவள் இறங்கிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவர் மனசில் விழுந்துவிட்டது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், பின்பக்கத்து வராந்தாவில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது நோலீன் தானாகவே சொன்னாள்.

"சனிக்கிழமை இறங்கலாம்னு பாக்குறேன்."

"எங்க?"

"எங்கயா? ரயில்லயா இறங்கப் போறேன்? குளத்துலதான்."

மெர்வின் டீயைக் கீழே வைத்தார். "வர்ற சனிக்கிழமையா?"

"வர்ற சனிக்கிழமைதான். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினார். அந்த டீ ஆறிப் போனது, அவர் குடிக்கவேயில்லை.

மறுநாள் புயல் வந்தது. அந்தப் பருவத்தின் முதல் புயல். மதியத்தில் வானம் கறுத்து, கோழிமுட்டை அளவுக்கு ஆலங்கட்டி விழுந்து, மாமரத்தில் ஒரு கிளை முறிந்து நேராகக் குளத்துக்குள் போயிற்று. மின்சாரக் கம்பி எங்கோ அறுந்துவிட்டது. இரண்டு நாள் கரண்ட் இல்லை, பம்ப் ஓடவில்லை. ஓடாத தண்ணீர், அழுகிய இலை, அடுப்பு மாதிரி வெயில். புதன்கிழமை காலையில் குளம் கீரை கடைந்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு வருஷம் பொத்திப் பொத்திப் பாதுகாத்த தண்ணீர்! மெர்வினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நோலீன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "சரி விடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றாள். அந்த 'அடுத்த வாரம்' அவர் காதில் 'பார்ப்போம்' என்றுதான் விழுந்தது.

கரண்ட் வந்ததும் ஊறுகாய் பாட்டில் நிறையத் தண்ணீரை எடுத்துக்கொண்டு குளச் சாமான் கடைக்கு ஓடினார். அங்கே எல்லாரும் அப்படித்தான், ஆஸ்பத்திரிக்குச் சிறுநீர் கொண்டுபோகிற மாதிரி குளத்துத் தண்ணீரைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பரிசோதிப்பார்கள். கடையில் டியானா என்று ஒரு பெண், மூக்குத்தி போட்டவள். மெர்வினை வருஷக்கணக்காகத் தெரியும்.

"உங்க குளமா இது? மெர்வ், கூட யாரும் இல்லையே, உண்மையச் சொல்லுங்க. உங்க பக்கத்து வீட்டு டிரெவரோட தண்ணிதான?"

"என்னோடதுதான். சனிக்கிழமைக்குள்ள தெளியணும்."

"ஒரு வாரம் ஆகும்."

"சனிக்கிழமை வேணும்."

"சனிக்கிழமையே நீலமா வேணும்னா பெயிண்ட் கடைக்குப் போங்க." பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "குளோரின் போடுங்க. நல்லாத் தேயுங்க. பம்ப்ப ராப்பகலா ஓட விடுங்க. வேற எதையும் கலக்காதீங்க. யாராவது எதையாவது குடுப்பாங்க, வாங்காதீங்க."

யாராவது என்றால் அது டிரெவர்தான். பக்கத்து வீட்டுக்காரர். தன் குளத்தை ஒரு நாளும் ஒழுங்காகப் பார்த்ததில்லை, ஆனால் ஊரார் குளத்துக்கெல்லாம் வைத்தியம் சொல்லுவார். மெர்வின் வியர்க்க விறுவிறுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேல் பீரும் தலையுமாக எட்டிப் பார்த்தார்.

"யோவ் மெர்வ், என்னய்யா வாத்து வளக்கப் போறியா?"

"போய்யா."

"என் குளத்த வந்து பாரு. புயலடிச்ச மறுநாளே கண்ணாடி. இரு வரேன்." உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தார். மேலே ஒட்டியிருந்த தாள் கிழிந்து போயிருந்தது. உள்ளே நல்ல நீல நிறத்தில் ஏதோ மருந்து. "ஒரு மூடி ஊத்து. பாசி இருந்த இடம் தெரியாது."

"எவ்வளவு தண்ணிக்கு ஒரு மூடி?"

"தண்ணிக்குத் தகுந்த மாதிரி ஊத்துய்யா. ரயிலா ஓட்டுற, இவ்வளவு கணக்குப் பாக்குற."

வேறு நாளாக இருந்தால் மெர்வின் அந்தப் பாட்டிலை வேலிக்கு மேல் திருப்பிக் கொடுத்திருப்பார். அளக்காமல் அவர் காபிக்குச் சர்க்கரை கூடப் போட்டதில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் கண்ணில் நின்றது. ஒரு மூடி ஊற்றினார். சாயந்திரம் பார்த்தார், அப்படியே இருந்தது. இன்னும் இரண்டு மூடி ஊற்றினார். வெள்ளிக்கிழமை காலையில் லேசாகத் தெளிந்தது. ஆகா, வேலை செய்கிறது என்று மீதியையும் கவிழ்த்தார். அதற்கு மேல் குளோரினையும் கொட்டினார். புதுத் தண்ணீரைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினாரா என்றால் இல்லை. டியானா திட்டுவாள் என்று தெரியும். எழுபது வயசு மனிதர், ஒரு சின்னப் பெண்ணுக்குப் பயந்துகொண்டு கடை இருக்கிற தெருவையே சுற்றிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலையில் குளம் அப்படி ஒரு நீலம். அந்தத் தண்ணீர் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படி இருந்ததில்லை. தரையில் கிடந்த ஒற்றை மணல் துகள் தெரிந்தது.

நோலீன் பழைய நீச்சலுடையைப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்தியபடி வந்தாள். குழந்தைகள் விழாமலிருக்க வைத்த கம்பிக் கதவைத் திறந்தாள். படியில் கால் வைத்து நின்றாள். மெர்வின் வலையைப் பிடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்ப்பது போல மாமரத்தைப் பார்த்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பினால் வெள்ளைத் தலை ஒன்று அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே போய்த் தலையைத் தூக்கினாள்.

"பம்ப் சத்தம் மாறியிருக்கே மெர்வ்."

"பேரிங் தேஞ்சிருக்கு."

திரும்பி இந்தக் கோடிக்கு வந்தாள். "மாத்திடு. எனக்குக் காது வலிக்குது."

"திங்கக்கிழமை மாத்துறேன்" என்று சொல்லிவிட்டு, பம்ப்பைப் பார்க்கப் போகிறவர் மாதிரி பின்னால் போய், அதைச் சுற்றி அடித்திருந்த தகரத் தடுப்புக்கு மறைவில் நின்று அழுதார். சந்தோஷம்தான். வேறு என்ன சொல்வது? பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அவள் மறுபடி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மத்தியானம் உப்பிட்ட மாட்டிறைச்சியை வேகவைத்து, கடுகுச் சாந்தோடு இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து தட்டு நிறையச் சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் இறங்கினாள். திங்கட்கிழமையும் இறங்கினாள்.

திங்கட்கிழமை நீந்திவிட்டு வந்து வராந்தாவில் தலையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். மெர்வின் பேரிங் மாற்றிவிட்டு, கையில் கிரீஸோடு வந்தவர், அவள் முடியில் லேசாகப் பச்சை தெரிவதைப் பார்த்தார். மாமரத்து நிழல் என்று நினைத்தார். அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். பச்சையும் கூடவே போயிற்று.

அவர் வாயைத் திறக்கவில்லை. கோழை. சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லாமல் கிரீஸைத் துடைத்துக்கொண்டே நின்றார். நோலீன் கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். ரொம்ப நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நோல்."

"போ, மெர்வ்."

"நோல், நான் ஒண்ணு சொல்லட்டா?"

"அப்புறம் சொல்லு. இப்பப் போ."

திட்டியிருந்தால் தேவலை. அவள் குரலே எழும்பாமல் பேசியதுதான் அவரைப் போட்டு வாட்டியது. ஒரு வருஷமாக அந்தக் கதவுக்கு வெளியே நின்று நின்று பழகியவர் அவர். மூன்றே நாள் திறந்திருந்தது, தன் கையாலேயே திரும்பவும் சாத்திவிட்டோம் என்று தோன்றியது. பாட்டிலில் தண்ணீரை மொண்டுகொண்டு காரை எடுத்தார்.

டியானா தண்ணீரில் சொட்டு மருந்து விட்டாள். நிறம் மாறியது. நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன போட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. குளோரின்தான்."

"மெர்வ்."

"டிரெவர் ஒரு பாட்டில் குடுத்தான்."

"நீலமா? எத்தன மூடி?"

"பாட்டில்ல இப்ப ஒண்ணும் இல்ல."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அது செம்பு மெர்வ். கொஞ்சமாப் போட்டாப் பாசியக் கொல்லும். பாட்டிலோட கவுத்து, மேல குளோரினையும் கொட்டினா? வீட்டுல வெள்ளை முடிக்காரங்க யாராவது இறங்கினாங்களா?"

அவர் கொண்டுவந்த பாட்டிலின் மூடியைத் திருகினார். அவளுக்கு நோலீனைத் தெரியும். கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பச்சையா?"

"இளம் பச்ச."

"ஐயோ மெர்வ். சரி, பயப்படாதீங்க. போய்த் தக்காளி சாஸ் வாங்குங்க. தலை முழுக்கத் தேச்சு அரை மணி நேரம் ஊற விட்டு அலசுங்க. போயிரும். முழுசாப் போகலன்னாலும் கொறையும். குளத்துல பாதித் தண்ணிய இறைச்சு வெளிய விட்டுட்டுப் புதுசா நிரப்புங்க. அது வரைக்கும் யாரும் இறங்க வேணாம்."

"தக்காளி சாஸா? கறி அடைச்சுச் சுடுற பை மேல ஊத்தித் திங்கிறதா?"

"அதேதான். நான் வெளையாடல."

மளிகைக் கடையில் இருந்ததிலேயே பெரிய பாட்டிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குளியலறைக் கதவு இன்னும் சாத்தியே இருந்தது. அதன் முன்னால் நின்று, ரயில் விபத்துக்கு வாக்குமூலம் கொடுக்கிறவர் மாதிரி சொன்னார்.

"நான்தான் பண்ணினேன் நோல். டிரெவர் குடுத்த மருந்து. அதுல செம்பு இருந்திருக்கு. சனிக்கிழமைக்குள்ள தெளியணும்னு முழுசாக் கவுத்துட்டேன். உன் உடம்புக்கு ஒண்ணுமில்ல. மருந்துக் கோளாறு இல்ல, வியாதி திரும்பல. தண்ணிதான்."

பாட்டிலைக் கதவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"தக்காளி சாஸ் வாங்கிட்டு வந்திருக்கேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எதுக்கு? என்னைய அப்படியே வறுத்துத் திங்கவா?"

"தலைக்கு. தேச்சா பச்ச போயிடுமாம்."

தாழ்ப்பாள் விலகியது. நோலீன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. அவர் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பின்பக்கத்துப் படிக்கு வெளியே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, குளத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். துண்டை அவிழ்த்தாள்.

மெர்வின் பின்னால் நின்றார். பாட்டிலைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"என்ன, இத ஊத்தக் கறிப் பைதான் வேணுமா உனக்கு? ஊத்து."

"ஊத்துறேன்."

"ஊத்திட்டுக் கைய வை மெர்வ். தானா தேச்சுக்குமா?"

அவர் கை அந்தரத்தில் நின்றது. நோலீன் திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "ஒரு வருஷமா நீ என் தலையத் தொட்டதில்ல, தெரியுமா?"

"நீதான கதவச் சாத்திக்கிட்ட."

"சாத்தினாத் தட்ட மாட்டியா? நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணிட்டு, தட்ட மாட்டியா?"

சாஸை ஊற்றினார். சிவப்பாக அந்த வெள்ளை முடியில் இறங்கியது. இரண்டு கையையும் வைத்து மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினார். முட்டையைத் தேய்க்கிற மாதிரி, தொட்டும் தொடாமலும். அடியில் மண்டையின் சூடு விரலுக்குத் தெரிந்தது.

"தண்ணி சுத்தமில்லன்னு நெனச்சுத்தான் நீ இறங்கலன்னு இருந்தேன்" என்றார்.

"சுத்தமில்லையா? அதுல மொண்டு டீ போடலாம் மெர்வ். ஏணிக்கு அடியில பல் பிரஷ் வெச்சுத் தேச்சியே, அதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" தலையை நிமிர்த்திக் குளத்தைப் பார்த்தாள். "மொத ஊசி போட்ட ரெண்டாவது வாரம், டாக்டர் வேணாம்னு சொல்லியும் கேக்காம ஒரு நாள் இறங்கினேன், ஞாபகம் இருக்கா? அன்னைக்கு நான் உள்ள வந்தப்புறம் நீ இலைக் கூடையத் தெறந்த. நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

மெர்வினின் கை நின்றுவிட்டது.

அன்றைக்கு அந்தக் கூடையில் மா இலையோடு இலையாக அவள் செம்பட்டை முடி கொத்துக் கொத்தாகச் சிக்கிக் கிடந்தது. அவர் ஒவ்வொரு இலையாகப் பிரித்து, முடியைத் தனியாக எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வெயிலில் நின்றார். கடைசியில் மாமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். யாருக்கும் தெரியாது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

"நீ நின்ன நிலையப் பாத்தேன்" என்றாள் நோலீன். "மறுபடி இறங்கினா மறுபடி கொட்டும், மறுபடி நீ அதப் பொறுக்கி எடுத்துக்கிட்டு அப்படி நிப்ப. என்னால அத ரெண்டாவது தடவ பாக்க முடியாது. அதான் இறங்கல. தண்ணியாவது, கிருமியாவது."

"சனிக்கிழமை இறங்கினியே."

"பயந்துகிட்டேதான் இறங்கினேன். மூணு நாளும் உனக்கு முன்னாடி நானே போய்க் கூடையத் தெறந்து பாத்தேன்."

"என்ன இருந்துது?"

"ஒரு தவள." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்பாடான்னு இருந்துது. அப்புறம் இன்னைக்குக் கண்ணாடியில பாக்குறேன், பச்ச. சரி, ஏதோ ஆயிடுச்சு, இதுவும் கொட்டத்தான் போகுதுன்னு உக்காந்துட்டேன் உள்ள."

"கொட்டாது நோல். அது சாயந்தான்."

"உனக்கெப்படித் தெரியும்? இழுத்துப் பாரு."

"வலிக்கும்."

"வலிக்கட்டும். இழு."

ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை முடியைப் பிடித்து இழுத்தார்.

"இதுக்குப் பேரு இழுக்கறதா? மாங்கெள விழுந்துதே, அத எப்படி இழுத்த? அப்படி இழு."

மெர்வின் கை நிறைய முடியைப் பற்றினார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். நோலீனின் தலை பின்னால் சாய்ந்து அவர் வயிற்றில் முட்டியது. "அம்மா" என்றாள். அவர் பயந்துபோய்க் கையை விட்டார். விட்ட கையை அவள் பிடித்துத் தன் மடியில் வைத்து விரித்தாள். உள்ளங்கையில் சாஸ் இருந்தது. விரல் விரலாக விலக்கிப் பார்த்தாள், நகக்கண்ணில் பார்த்தாள். சாஸைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு முடி இல்லை. மறுபடி ஒரு தடவை பார்த்தாள். பிறகு அந்தக் கையை விடாமலே வைத்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் குலுங்கினாள். மெர்வின் குனிந்து, சாஸோடு சாஸாக அவள் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"புளிப்பு வாடை அடிக்குது உன் தலை" என்றார்.

"யாரால?"

பிறகு நோலீன் எழுந்தாள். வீட்டில் போடுகிற பூப்போட்ட கவுனோடு, தலையிலிருந்து சாஸ் வழிய, நேரே போய்க் கம்பிக் கதவைத் திறந்தாள்.

"அரை மணி ஊறணும்னு சொன்னாங்க."

"அரை மணியெல்லாம் என்னால ஆகாது."

"நோல், தண்ணியில செம்பு இருக்கு. இன்னும் பச்சையாகும்."

"ஆகட்டும். முடின்னு ஒண்ணு இருந்தாத்தான பச்சையாகும்?"

"சாஸு... ஃபில்டருக்குள்ள போயிரும் நோல்..."

அவள் இறங்கிவிட்டாள். அவருடைய நீலத் தண்ணீரில் சிவப்பு ஒரு பெரிய பாய் அளவுக்கு விரிந்தது. மெர்வின் வலையை எடுத்துக்கொண்டு வந்தார். சாஸை வலையால் அள்ள முடியாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துகொண்டேதான் அள்ளினார். நோலீன் அந்தக் கோடிக்குப் போய், பச்சையும் சிவப்புமாகத் தலையைத் தூக்கினாள்.

"அந்த மூலைய விட்டுட்ட மெர்வ்."

மெர்வின் அந்த மூலைக்குப் போனார்.